தீர்ப்புக்கு முன்பே தீர்ந்துபோன சொத்து

பாகப்பிரிவினை வழக்குப் போட வருகிறவர்களில் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் ஒரு நாவலைச் சொல்வதுண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘ப்ளீக் ஹவுஸ்’. 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை லண்டனில் மாதாமாதம் தொடராக வந்த கதை. இன்றுவரை மறுபதிப்பு நிற்கவில்லை. மலிவுப் பதிப்பாகவே கிடைக்கிறது. தடிமனைப் பார்த்து மிரளாதீர்கள்.

கதையின் நடுவில் நிற்பது ‘ஜார்ன்டைஸ் எதிர் ஜார்ன்டைஸ்’ என்ற உயில் வழக்கு. உயில், சொத்துத் தகராறுகளை விசாரித்த லண்டன் சான்சரி நீதிமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. எதற்காக ஆரம்பித்தது என்பதே யாருக்கும் விளங்காத நிலை. கடைசியில் பிந்தைய தேதியிட்ட வேறொரு உயில் கிடைக்கிறது. அப்பாடா, முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும்போது, சொத்து முழுவதும் வழக்குச் செலவிலேயே கரைந்துவிட்டது தெரிகிறது. பங்கு போட ஒன்றும் மிச்சமில்லை, வழக்கும் அத்தோடு நின்றுவிடுகிறது.

கதைக்காகக் கூட்டிச் சொன்னது என்று தோன்றலாம். டிக்கன்ஸ் 15 வயதில் வக்கீல் ஆபீசில் எழுத்தராக வேலை பார்த்தவர். பிறகு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எடுத்தவர். 1844-இல் தன் கதையைத் திருடி அச்சிட்டவர்கள் மேல் அதே சான்சரியில் வழக்குப் போட்டு ஜெயித்தார். எதிராளி திவாலாகிவிட, ஜெயித்தவர் கையிலிருந்து சுமார் 700 பவுண்டு போனது. நாவலின் முன்னுரையில், ஏறத்தாழ 20 ஆண்டுகளாக நடந்து, 70,000 பவுண்டு செலவு வைத்து, அப்போதும் முடியாத ஒரு நிஜ வழக்கைக் குறிப்பிடுகிறார்.

முழு நாவலுக்கு நேரமில்லை என்றால் 15-ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். கிரிட்லி என்ற விவசாயி தன் கதையைச் சொல்கிற இடம். அப்பாவின் உயில்படி பண்ணை அம்மாவுக்கு. அவருக்குப் பின் கிரிட்லிக்கு. தம்பிக்கு மட்டும் 300 பவுண்டு தர வேண்டும். அந்த 300-இல் ஒரு பகுதியைத் தம்பி ஏற்கெனவே பெற்றுவிட்டானா, இல்லையா? தகராறு இவ்வளவுதான். உயிலை யாரும் மறுக்கவில்லை. தம்பி வழக்குப் போடுகிறான், 17 பேர் பிரதிவாதிகள். முதல் விசாரணைக்கு வரவே இரண்டு ஆண்டுகள். அப்புறம், கிரிட்லி தன் அப்பாவின் மகன்தானா என்று விசாரிக்க இன்னும் இரண்டு ஆண்டுகள். அதை யாருமே மறுக்கவில்லை! அதற்குப் பிறகு, சேர்க்க வேண்டிய ஒருவரைச் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள், முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறார்கள். அதற்குள் செலவு 300-ஐப் போல மூன்று மடங்கு. பணமே வேண்டாம், விட்டால் போதும் என்று தம்பி நினைத்தாலும் வெளியே வர வழியில்லை. இதுவும் உண்மையில் நடந்த வழக்கை ஒட்டியது என்று முன்னுரை சொல்கிறது.

அந்த விடுபட்ட பிரதிவாதியை நம் நீதிமன்றங்களிலும் நான் அடிக்கடி சந்திக்கிறேன். கட்டிக்கொடுத்த அக்கா, இறந்துபோன அண்ணனின் மனைவி, வெளியூரில் செட்டிலான சித்தப்பா பிள்ளைகள். “அவங்கல்லாம் கேக்க மாட்டாங்க சார்” என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பாகப்பிரிவினையில் பங்குள்ள எல்லோரும் கட்சிக்காரர்களாக இருந்தாக வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். வழக்கு நடக்கும்போது ஒருவர் இறந்தால், 90 நாளுக்குள் அவர் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். இல்லாவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். வக்கீலுக்கு ஒரு போன் செய்தால் போதும். அந்தச் செய்தியைச் சொல்லாமல் விட்டதால் ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்குகள் உண்டு. முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது: பங்கு எவ்வளவு என்பதுதான் முடிவாகியிருக்கிறது, நிலத்தை அளந்து பிரிக்க இறுதித் தீர்ப்பாணை இனிமேல்தான் வர வேண்டும்.

நாவலில் என்னை அதிகம் பாதிப்பவன், ஜார்ன்டைஸ் வழக்கில் பங்கை எதிர்பார்த்திருக்கும் ரிச்சர்ட் கார்ஸ்டோன் என்ற இளைஞன். நல்ல பையன், கெட்டிக்காரன். வழக்கு முடிந்தால் பணம் வரும் என்ற நினைப்பிலேயே மருத்துவம், சட்டம், ராணுவம் என ஒன்றிலும் நிலைக்காமல் போகிறான். வழக்கு முடிந்த கையோடு அவனும் இறந்துபோகிறான். எதிராளி யாரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. எதிர்பார்ப்பே அவனைத் தின்றது. இப்படிப்பட்டவர்கள் என் ஆபீசுக்கும் வருகிறார்கள். மகள் கல்யாணத்தைத் தீர்ப்புக்காகத் தள்ளிப்போடுகிறவர்கள், வாய்தா தேதியை வைத்து வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்கள். ஓட்டுவீடு ஒழுகினாலும், நாளைக்கு அண்ணன் பங்குக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று ஓடு மாற்றாமல் தார்ப்பாய் போட்டுக் குடியிருக்கிறார்கள்.

நாவலிலும் அப்படி வழக்கில் சிக்கிய வீடுகள் உண்டு. டாம்-ஆல்-அலோன்ஸ் என்ற அந்தத் தெருவைப் பழுதுபார்க்க ஆளில்லை. ஏழைகள் இடிபாடுகளில் ஒண்டிக்கொள்கிறார்கள். அங்கிருக்கும் ஜோ என்ற சிறுவனின் காய்ச்சல், அவனுக்கு அடைக்கலம் கொடுத்த வீட்டுப் பெண்களையும் பற்றுகிறது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு குழந்தையிடம் அந்த வழக்கின் பாதிப்பு வந்து சேர்வதை டிக்கன்ஸ் காட்டுகிற விதம் என்னால் மறக்க முடியாதது.

இங்கிலாந்து 1870-களில் சட்டம் கொண்டுவந்து சான்சரியைத் தனி நீதிமன்றமாக இல்லாமல் செய்துவிட்டது. அங்கே வளர்ந்த தடையுத்தரவும், வழக்குச் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றமே ஆள் போடும் ரிசீவர் நியமனமும் நம் சிவில் சட்டத்தில் இன்றும் இருக்கின்றன, தாமதமும்தான். ஆனால் கிரிட்லியின் தம்பிக்கு இல்லாத வழி நமக்கு இருக்கிறது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சமரச மையத்துக்கோ மக்கள் நீதிமன்றத்துக்கோ அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அங்கே தீர்ந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இரு தரப்பும் வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்ததற்கு மேல்முறையீடும் கிடையாது. அடுத்த வாய்தாவுக்கு வரும்போது உங்கள் வக்கீலிடம் இதைக் கேளுங்கள். அதற்கு முன்னால், விட்டுப்போன அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள்.