இரண்டாவது கிராபிக்ஸ் கார்டைச் செருகும் முன்

கணினிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். ஏற்கெனவே தம்மிடம் உள்ள அதே மாடல் கிராபிக்ஸ் கார்டு இன்னொன்று பழையதாக மலிவில் கிடைத்ததென்று, அதைக் கையில் ஏந்தியபடி வருபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். மதர்போர்டில் இன்னொரு நீள ஸ்லாட் காலியாகக் கிடக்கிறது, இதையும் அதில் செருகிவிட்டால் கேமின் வேகம் இரண்டு மடங்காகிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. அண்மையில் ஒருவர் கொண்டுவந்தது ஜிடிஎக்ஸ் 1060. 2016இல் வெளியான அந்தக் கார்டில், இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் எஸ்எல்ஐ வசதியையே தயாரிப்பாளரான என்விடியா வைக்கவில்லை. இரண்டு கார்டுகளையும் இணைக்கும் பிரிட்ஜைச் செருகுவதற்கான தங்க நிறப் பற்கள் இருக்க வேண்டிய மேல்விளிம்பு வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்கு என் பேச்சில் நம்பிக்கை வந்தது.

அவருடைய எண்ணம் அடிப்படையே இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 1998இல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 2 கார்டுகள் இரண்டை இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரைந்து வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. அந்த முறைக்கு இருந்த எஸ்எல்ஐ என்ற பெயரை 2004இல் என்விடியா மீண்டும் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, பின்னாளில் ஏஎம்டி வாங்கிய ஏடிஐ நிறுவனம் அதே நோக்கத்துக்கான தன் கிராஸ்ஃபயரோடு வந்தது. இரண்டு கார்டுகள் பளபளக்கும் கேபினெட் படங்கள் பரவிய அந்தப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளின் நினைவில்தான் பலரும் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் 2019இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 5700 வரிசையில் கிராஸ்ஃபயர் கிடையாது. 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090இல் மட்டுமே இணைப்புப் பற்கள் எஞ்சியிருந்தன. 2021 ஜனவரி 1 முதல் எஸ்எல்ஐக்காகப் புதிய டிரைவர் புரொஃபைல்களை, அதாவது ஒவ்வொரு கேமுக்குமான தனி அமைப்புகளைச் சேர்ப்பதை என்விடியா நிறுத்திக்கொண்டது. 2022இன் ஆர்டிஎக்ஸ் 4090இல் அந்தப் பற்களே இல்லை.

நிறுவனங்கள் பேராசையால் ஒரு நல்ல வசதியைப் பிடுங்கிக்கொண்டன என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் கேம்கள் படம் வரையும் முறையே அடியோடு மாறிவிட்டது. இரட்டைக் கார்டுகள் பெரும்பாலும் முறை வைத்து வேலை செய்தன: திரையில் அடுத்தடுத்து வரும் படங்களான ஃபிரேம்களில் முதலாவதை ஒரு கார்டு, இரண்டாவதை மற்றொன்று, மூன்றாவதை மறுபடி முதல் கார்டு. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக வரையப்பட்ட காலத்தில் இது நன்றாகவே ஓடியது. இன்றைய கேம்களிலோ விளிம்புகளை மென்மையாக்குவது, நிழலையும் பிரதிபலிப்பையும் சீராக்குவது, குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்குவது என எல்லாமே முந்தைய ஃபிரேமின் தரவை எடுத்துக்கொண்டுதான் நடக்கின்றன. அந்த முந்தைய ஃபிரேம் அடுத்த கார்டின் நினைவகத்தில் இருக்கும்போது, அதை இங்கே கொண்டுவரும் வரை இந்தக் கார்டு கைகட்டிக் காத்திருக்க நேர்கிறது. ஜிடிஎக்ஸ் 1080 தன் சொந்த நினைவகத்தோடு நொடிக்கு 320 ஜிபி வேகத்தில் பேசுகிறது. லேன் எனப்படும் தரவுப் பாதைகள் எட்டு கொண்ட, மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட் வழியாகவோ நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் போகும்.

எண்ணிக்கை உயர்ந்த இடத்திலும் ஏமாற்றம் இருந்தது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி இடைவெளியில் வர வேண்டும். இரட்டைக் கார்டுகளில் ஒரு ஃபிரேம் 8 மில்லிநொடியிலும் அடுத்தது 25 மில்லிநொடியிலும் என்று மாறி மாறி வந்தாலும் சராசரி 60 என்றே திரையின் மூலையில் காட்டும்; கண்ணுக்குத் தெரிவதோ ஏறக்குறைய 40 ஃபிரேமுக்குரிய திக்கல். மைக்ரோ ஸ்டட்டர் என்று விளையாடுபவர்கள் திட்டித் தீர்த்தது இதைத்தான். ஜிடிஎக்ஸ் 1080 இரண்டை இணைத்து வைத்திருந்த ஒருவர், ‘எண் கூடியிருக்கிறது, ஆனால் விளையாட்டு கனமாகத் தெரிகிறது’ என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் ஒரு கார்டைக் கழற்றி ஓட்டிக் காட்டியதும், அந்த எண்ணைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

நினைவகத்தைப் பற்றிய தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 8 ஜிபி கார்டுகள் இரண்டு சேர்ந்தால் கேமுக்கு 16 ஜிபி கிடைக்காது. இரண்டும் அதே காட்சியை வரைவதால் அதே தரவு இரண்டிலும் ஒவ்வொரு படி இருந்தாக வேண்டும். பயன்படுவது 8 ஜிபிதான். கேம்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேச உதவும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 12 வந்தபோது, வெவ்வேறு நிறுவனத்துக் கார்டுகளைக்கூட இணைத்து ஓட்டும் பொறுப்பு கேமை உருவாக்குபவர்களிடம் போனது. ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி கேமில் ஏஎம்டி கார்டும் என்விடியா கார்டும் சேர்ந்தே ஓடின. வழி இருந்தும், வெகு சிலரிடமே இரண்டு கார்டுகள் இருக்கும்போது அவர்களுக்காக அத்தனை உழைப்பைச் செலவிட மிகப் பெரும்பாலான கேம் நிறுவனங்கள் முன்வரவில்லை.

வேகம் கூடாமல் போவது வெறும் ஏமாற்றம்தான். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது மின்சாரம். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு 75 வாட் வரை எடுக்கலாம். ஆறு பின் இணைப்பு 75 வாட், எட்டு பின் இணைப்பு 150 வாட் என்று வரையறை இருக்கிறது. பவர் சப்ளையில் போதிய இணைப்புகள் இல்லாதபோது பலரும் நாடுவது மாற்று அடாப்டர்களை. ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள்தான் உண்டு, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். ஆக மொத்தம் 54 வாட். அதை 75 வாட் கேட்கும் ஆறு பின் இணைப்பாக மாற்றித் தருகிற அடாப்டர் எவ்வளவு அழகாகச் செய்யப்பட்டிருந்தாலும் கணக்கு உதைக்கிறது. உருகிக் கருகிய சாட்டா முனைகளை நான் கழற்றியிருக்கிறேன். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு எட்டு பின் தலைகள் தொங்கினால் இரண்டையும் இரண்டு கார்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழக்கமும் நல்லதன்று. 300 வாட் என்பது 12 வோல்ட்டில் 25 ஆம்பியர்; அத்தனையும் ஒரே கேபிளின் மூன்று கம்பிகளில் ஓட வேண்டியிருக்கும். கார்டுக்கு ஒரு தனிக் கேபிள் என்பதையே நான் கடைப்பிடிக்கிறேன்.

இவற்றைவிடக் கொடியது வேறொரு பவர் சப்ளையின் கழற்றி மாட்டும் கேபிளை எடுத்துப் பொருத்துவது. கார்டின் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒரே அமைப்பில் இருக்கும். பவர் சப்ளையின் பக்கத்து முனைக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே 12 வோல்ட்டும் தரைக் கம்பியும் இடம் மாறியிருக்கக்கூடும். கேபிள் கச்சிதமாக நுழைந்துவிடுகிறது என்பதே இதில் உள்ள பொறி. இரண்டாவது கார்டுக்குக் கேபிள் போதவில்லை என்று பழைய பவர் சப்ளையின் கேபிளை மாட்டிய ஒருவருடைய கணினி என்னிடம் வந்தபோது, அந்தக் கார்டு செத்துவிட்டிருந்தது. அதே உறையிலிருந்து எடுத்த இன்னொரு கேபிளில் மாட்டியிருந்த ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டிருந்தது. கார்டுக்காக அவர் வருந்தவில்லை, ஹார்டு டிஸ்க்கில் இருந்த குடும்பப் படங்களுக்காகத்தான் வருந்தினார்.

இடமும் காற்றும் அடுத்த தடை. இப்போதைய கார்டுகள் பலவும் மூன்று ஸ்லாட் தடிமன் கொண்டவை. இரண்டாவதைச் செருகியதும் மேல் கார்டின் விசிறிகளுக்கும் கீழ்க் கார்டின் முதுகுக்கும் இடையே விரல் நுழையும் சந்துதான் மிஞ்சும். கீழ்க் கார்டு கக்கும் சூட்டையே மேல் கார்டு இழுத்து, சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீளமாக இருப்பதால் இரண்டாவது ஸ்லாட்டில் பதினாறு லேன் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். பல மதர்போர்டுகளில் அதற்குள் நான்கு லேன்கள்தான் இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அங்கே கார்டைச் செருகினால் எம்.2 ஸ்லாட்டில் உள்ள ஓர் எஸ்எஸ்டி சேமிப்பகம் கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மதர்போர்டின் கையேட்டில் இது தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும், ஆனால் கையேட்டைத் திறந்து பார்த்தவர்கள் என்னிடம் வருவது அரிது.

இரண்டாவது கார்டு எங்கும் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சைக்கிள்ஸ் கொண்டு ரெண்டர் செய்பவருக்கு, அதாவது இறுதிப் படத்தை உருவாக்குபவருக்கு, அது நேரத்தை ஏறக்குறையப் பாதியாக்கித் தரும், காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டின் நினைவகத்திலும் அடங்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டுபவர்களுக்கு இன்னும் பொருத்தம். அங்கே மாதிரியின் அடுக்குகளைப் பிரித்து இரண்டு கார்டுகளிலும் வைக்கலாம் என்பதால் நினைவகம் உண்மையாகவே கூடுகிறது. கேமிலேயே ஒரு சிறு விதிவிலக்கு உண்டு: லாஸ்லெஸ் ஸ்கேலிங் போன்ற மென்பொருளில், முதல் கார்டு கேமை வரைய, மானிட்டர் இணைக்கப்பட்ட இரண்டாவது கார்டு இடை ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்க்கிறது. சிலருக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கு அந்த இடை ஃபிரேம்களின் ஓரங்களில் தெரியும் கலங்கல் கண்ணை உறுத்துகிறது.

கேம் மட்டும்தான் நோக்கம் என்பவரிடம், இரண்டையும் விற்றுவிட்டு அடுத்த தலைமுறையின் ஒற்றைக் கார்டு வாங்குங்கள் என்றே சொல்கிறேன். ஜிடிஎக்ஸ் 1060ஐக் கொண்டுவந்தவர் உடனே அதற்கு இணங்கவில்லை. கொண்டுவந்த கார்டைப் பொருத்திக் காட்டச் சொன்னார், பொருத்தினேன். விண்டோஸ் இரண்டு கார்டுகளையும் அடையாளம் கண்டது, டிரைவரும் ஏறியது, அவர் வழக்கமாக விளையாடும் கேமும் ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம்: முதல் கார்டு 98 சதவீதம், இரண்டாவது கார்டு 0.