நிரந்தர ஃபில்லர்: போடும் முன்பே எடுப்பதைப் பற்றிக் கேளுங்கள்

முகத்தில் ஃபில்லர், அதாவது பள்ளத்தையும் சுருக்கத்தையும் நிரப்பத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் பொருள், போட்டுப் பல வருடங்கள் கழித்து என்னிடம் வருபவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேச்சைத் தொடங்குவார்கள். கன்னத்திலோ உதட்டோரத்திலோ விரலை வைத்து, "டாக்டர், இங்க ஏதோ உருளுது, தொட்டுப் பாருங்க" என்பார்கள். தொட்டால் தோலுக்கடியில் கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்படும். சிலருக்கு அந்த இடம் சிவந்து, சூடாக, வீங்கியும் இருக்கும். என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டால் பலருக்கும் பெயர் தெரியாது. "ஒரு தடவை போட்டா போதும், பெர்மனென்ட்னு சொன்னாங்க" என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கும்.

திரவ சிலிக்கோன், பி.எம்.எம்.ஏ. எனப்படும் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள், பாலிஅக்ரிலமைடு ஜெல் ஆகியவை இந்த வகையில் முக்கியமானவை. இவற்றை உடலால் கரைக்க முடியாது. அதனால் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருளைச் சுற்றி வளைத்துக் கட்டிவைக்கப் பார்க்கின்றன. அப்படி உருவாகும் கட்டிதான் கிரானுலோமா. ஃபில்லரின் மேல் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா இருப்பதும் உண்டு. பல்லில் ஒரு சிகிச்சை, சைனஸ் தொற்று, அதே இடத்தில் இன்னொரு ஊசி என்று ஏதாவது ஒன்று நடந்ததும் அவை விழித்துக்கொள்ளும்.

போடும்போது யாரும் யோசிக்காத இன்னொரு விஷயமும் உண்டு. முகம் மாறிக்கொண்டே இருக்கிறது. வயதாக ஆக கொழுப்பு குறைகிறது, எலும்பு தேய்கிறது, தோல் தளர்கிறது. உள்ளே போட்டது மட்டும் அப்படியே நிற்கிறது, அல்லது கீழே நகர்கிறது. முப்பத்தைந்து வயதில் பொருத்தமாக இருந்த மேடு ஐம்பதில் துருத்திக்கொண்டு தெரியும்.

"கரைக்கிற ஊசி இருக்காமே, அதைப் போட்டுவிடுங்க" என்று கேட்பவர்கள் அதிகம். அந்த ஊசி ஹையலூரோனிடேஸ் என்ற நொதி. ஹையலூரோனிக் அமிலம் நம் உடலிலேயே இருக்கும் ஒரு பொருள்; அதில் செய்த தற்காலிக ஃபில்லரை இந்த ஊசி ஓரிரு நாளில் கரைத்துவிடும். சிலிக்கோனிடமும் பிளாஸ்டிக் மணிகளிடமும் இதன் வேலை பலிக்காது.

அதனால் நான் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் செய்யச் சொல்வேன். ஹையலூரோனிக் அமிலமும் தண்ணீர் நிறைந்த ஜெல்லும் திரையில் கருப்பாகத் தேங்கித் தெரியும். சிலிக்கோன் இருந்தால் அந்த இடம் முழுக்க வெள்ளையாகக் கலங்கி, அதற்குக் கீழே இருப்பதையே மறைத்துவிடும். 'பனிப்புயல்' என்றே இதைச் சொல்கிறோம். என்ன பொருள், எவ்வளவு ஆழம், ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் கத்தியை எடுக்கக் கூடாது.

அழற்சி இருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும். தேவைக்கேற்ப ஆன்டிபயாடிக், கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, சில சமயம் அதோடு, திசு பெருகுவதைத் தடுக்கும் ஃபுளூரோயூராசில் என்ற மருந்தும் கொடுப்போம். பலருக்கு இதிலேயே கட்டி சுருங்கி, அறுவை சிகிச்சை தேவைப்படாமல் போகிறது. ஜெல் ஒரே இடத்தில் தேங்கியிருந்தால் தடித்த ஊசியாலோ சின்னக் கீறல் வழியாகவோ கணிசமாக வெளியேற்றலாம். உதட்டிலும் கன்னத்திலும் பெரும்பாலும் வாய்க்குள்ளிருந்தே போகலாம், தழும்பு வெளியே தெரியாது.

சிலிக்கோனும் பிளாஸ்டிக் மணிகளும் அப்படி வராது. சதையோடு சதையாகப் பின்னிக் கிடக்கும். அதை எடுக்க உங்கள் சொந்தத் திசுவையும் சேர்த்தே வெட்ட வேண்டும். பக்கத்திலேயே முகத்தசைகளை இயக்கும் நரம்பின் கிளைகள் ஓடுகின்றன. பள்ளம் விழலாம், தழும்பு நிற்கலாம். ஆகவே தொந்தரவைக் குறைப்பதுதான் எங்கள் இலக்கு. "நூறு சதவீதம் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால், தயவுசெய்து அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லா நிரந்தர ஃபில்லரும் தடைசெய்யப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஒரு பி.எம்.எம்.ஏ. ஃபில்லருக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006இல் அனுமதி கொடுத்தது, மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்புக்கு. ஆனால் முகத்தையோ உடலையோ அழகாக்க திரவ சிலிக்கோனை ஊசியில் ஏற்ற அது அனுமதித்ததில்லை.

சரி, அப்புறம் எதைத் தேர்ந்தெடுப்பது? ஃபில்லர்தான் வேண்டும் என்றால் ஹையலூரோனிக் அமிலம். பொதுவாக ஆறு முதல் பதினெட்டு மாதம் நிற்கும், பிடிக்கவில்லை என்றால் கரைத்துவிடலாம். கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், பாலிலாக்டிக் அமிலம் போன்றவை தானாகக் கரையும், ஆனால் அவசரத்துக்கு அவற்றைக் கரைக்கும் மருந்து கிடையாது. நெற்றிச் சுருக்கம் தசை அசைவால் வருவது, அதற்கு தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போதும். தோல் மங்கிப் போனதுதான் கவலை என்றால் சன்ஸ்கிரீன், ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) க்ரீம், லேசர் இவற்றிலிருந்து தொடங்கலாம். ஃபில்லர் கேட்டு வருபவர்களில் பலருக்கு ஃபில்லரே தேவையில்லை.

ஹையலூரோனிக் அமிலத்திலும் ஆபத்து உண்டு. ஊசி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் செத்துப்போகலாம், பார்வையே பறிபோகலாம். மூக்கும் புருவ நடுவும் அதிக ஆபத்தான இடங்கள். போட்ட பிறகு தோல் வெளுத்தாலோ, வலை போல நீலம் பாய்ந்தாலோ, வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓடுங்கள். போடுபவரிடம் ஹையலூரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். என்ன போட்டார்கள் என்று பின்னால் தெரிய, மருந்துப் பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே நிரந்தர ஃபில்லர் போட்டு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் பயந்துபோய் அதை எடுக்க வர வேண்டாம். அமுக்கித் தேய்க்காமல் விட்டுவிடுங்கள், அதன்மேல் இன்னொரு ஃபில்லர் போடாதீர்கள். பல் மருத்துவரிடம் போகும்போது முகத்தில் இது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். திடீரென வீக்கமோ சிவப்போ வந்தால் அன்றே காட்டுங்கள்.