கட்டிலை ஆட்டியது நாய் இல்லை

"நடுராத்திரி கட்டில் லேசாகக் குலுங்கியது. அடியில் படுத்திருக்கும் நாய் சொறிந்துகொள்கிறது என்று நினைத்து, 'சும்மா படுடா' என்று அதட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் அது ராத்திரி முழுக்கக் கூடத்தில் இருந்திருக்கிறது."

நில அதிர்வுக் கண்காணிப்பில் இருக்கும் எங்களுக்கு இப்படிப்பட்ட அழைப்புகள் பழக்கம்தான். பூனை குதித்தது, லாரி போனது, மாடியில் சோபாவை இழுக்கிறார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அப்படி நினைத்ததில் தவறே இல்லை. ஓர் இடத்தில் அதிர்வு எப்படி உணரப்பட்டது என்பதை வகைப்படுத்தும் திருத்திய மெர்காலி அளவுகோலின் மூன்றாம் படியிலேயே, 'பலர் இதை நிலநடுக்கம் என்று உணர்வதில்லை' என்றுதான் இருக்கிறது. மேல்தளத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியும். தெருவில் நடப்பவருக்குத் தெரியாது.

என்னை எழுத வைத்தது அந்த அம்மா அடுத்துச் சொன்னது. "சின்னதா வந்ததும் நல்லதுதான். உள்ளே இருக்கிற அழுத்தம் குறைஞ்சிடும், இனிமே பெரிசா வராது." இந்த மாதம் இதைச் சொல்லும் நான்காவது ஆள் அவர்.

பூமி பிரஷர் குக்கர் இல்லை, விசில் விட்டு ஆறிக்கொள்வதற்கு. நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். இரண்டு எண் கூடினால் 1,000 மடங்கு. அளவு 6 நிலநடுக்கம் ஒன்றின் ஆற்றலை அளவு 3 அதிர்வுகளாகவே வெளியேற்ற வேண்டுமானால், 30,000-க்கும் மேல் தேவை. ஒரு நாள் கட்டில் ஆடியதில் என்ன குறைந்திருக்கும்? நிலத்தடிப் பாறையில் இருக்கும் பிளவின் ஒரு துண்டு நழுவும்போது பக்கத்துத் துண்டின்மேல் சுமை ஏறவும் செய்யலாம். சரி, அப்படியானால் ஒவ்வொரு சிறு அதிர்வுக்கும் பயப்பட வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலானவற்றுக்குப் பின் பெரிதாக எதுவும் வருவதில்லை. ஆனால் முன்னதிர்வுக்கென்று தனி அடையாளம் கிடையாது. பெரியது வந்த பிறகுதான் முன்னது முன்னதிர்வு என்றே தெரியும்.

இத்தாலியின் லாக்விலா நகரத்தை நான் மறப்பதே இல்லை. 2009-இல் அங்கே மாதக்கணக்கில் சிறு அதிர்வுகள். ஆற்றல் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருப்பதால் ஆபத்தில்லை என்று அதிகாரி ஒருவரே தொலைக்காட்சியில் சொன்னார். நிலம் அதிர்ந்தால் வீட்டை விட்டு வெளியேறிவிடுவது அந்த ஊரில் பலருக்கு வழக்கம். ஏப்ரல் 5 இரவும் நள்ளிரவு தாண்டியும் இரண்டு சிறு அதிர்வுகள் வந்தன. அன்று பலர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். அதிகாலை 3:32-க்கு அளவு 6.3. இறந்தவர்கள் 300-க்கும் மேல்.

அதனால், அடுத்த முறை கட்டில் ஆடினால் நாயை அதட்டும் முன் மேலே பாருங்கள். நாய் சொறிந்தால் கட்டில் மட்டும்தான் ஆடும். நிலம் அதிர்ந்தால் தொங்கும் விளக்கு, பாட்டில் தண்ணீர், ஜன்னல் கண்ணாடி எல்லாம் சேர்ந்து அசையும். சில சமயம் முதலில் ஒரு குத்து, சில நொடி கழித்து ஆட்டம் என்று இரண்டாக வரும். நடுவில் இருக்கும் ஒவ்வொரு நொடிக்கும், நிலநடுக்கம் தொடங்கிய இடம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரம் என்று கணக்கு. அதை எண்ணிச் சொல்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். நாய் சில நொடி முன்னதாக எழுந்து நிற்பதும் அந்த முதல் குத்தை உணர்ந்துதான். நாளைக்கு வரப்போவதை அது சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

நேரத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் பகுதி நில அதிர்வு மையத்துக்குத் தெரிவியுங்கள். கருவிகள் இல்லாத இடத்தில் உங்கள் சொல்தான் எங்களுக்குக் கருவி.

அப்புறம், காலையில் அந்த அறையைச் சுற்றிப் பாருங்கள். தலைமாட்டுக்கு மேல் கனமான படச்சட்டமா? இறக்குங்கள். உயரமான அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். கட்டிலருகே செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும். உடைந்த கண்ணாடிமேல் இருட்டில் நடந்து காலைக் கிழித்துக்கொள்பவர்கள் ஏராளம். பலமாக ஆடும்போது மாடிப்படியில் ஓடவே ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடுங்கள்.

தயவுசெய்து, ஆட்டம் நிற்கும்வரை நாயையோ பூனையையோ துரத்திப் போகாதீர்கள். அவை உங்களைவிட வேகமாக ஒளிந்துகொள்ளும். பயத்தில் இருக்கும்போது பிடித்தால், வளர்த்தவரையே கடிக்கும். நின்றதும் முதலில் அவை வெளியே ஓடிவிடாதபடி வாசல் கதவைச் சாத்துங்கள், கழுத்துப்பட்டையை மாட்டுங்கள், பிறகு ஒன்றாக வெளியேறுங்கள்.