காணாமல் போன டிஎல்எல்லை நெட்டில் தேடிப் பிடிக்காதீர்கள்

போன வாரம் புதுவயலில் ஓர் அரிசி ஆலையிலிருந்து போன். காலை ஒன்பதரை மணி. எடைமேடைக்கு வெளியே நெல் லாரிகள் மூன்று நிற்கின்றன, எடை போடும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. "சார், நேத்துதான் புது கம்ப்யூட்டர் மாத்துனோம். பழசுலேருந்து ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல எடுத்துப் போட்டாச்சு. இப்ப விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லைன்னு வருது" என்றார் கணக்குப்பிள்ளை. டிஎல்எல் என்பது புரோகிராம்கள் ஓடுவதற்குத் தேவைப்படும் துணை ஃபைல். "எதையும் தொடாதீங்கய்யா, அரை மணி நேரத்துல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் காரைக்குடியிலிருந்து வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆபீஸ் பையன் தொட்டுவிட்டான். "அண்ணே, அந்த ஃபைல் நெட்லயே கெடைச்சுது. டவுன்லோட் பண்ணி சிஸ்டம்32-ல போட்டேன். ஏற்கனவே ஒண்ணு இருக்கு, ரீப்ளேஸ் பண்ணவான்னு கேட்டுச்சு. ஆமான்னு குடுத்தேன்." எடை சாஃப்ட்வேர் இன்னமும் திறக்கவில்லை. அதோடு, காலை வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணக்கு சாஃப்ட்வேரும் படுத்துவிட்டது. திறந்தால், 7பி என்று முடியும் நீளமான ஓர் எண்ணோடு பெட்டி ஒன்று வந்து நிற்கிறது.

இந்த மாதத்தில் இது எனக்கு நான்காவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பையன் சொன்னதில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: "ஏற்கனவே ஒண்ணு இருக்கு." இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்ன ஃபைல், அதே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். இன்றைக்கு நீங்கள் வாங்கும் கம்ப்யூட்டரெல்லாம் 64 பிட் விண்டோஸ். ஆனால் அதில் ஓடும் சாஃப்ட்வேரில் பாதி, குறிப்பாக எடைமேடை, அடகுக்கடை, பில்லிங் சாஃப்ட்வேர்கள், 32 பிட்டில் எழுதப்பட்டவை. 32 பிட் புரோகிராமுக்கு 32 பிட் டிஎல்எல்தான் வேண்டும், 64 பிட் புரோகிராமுக்கு 64 பிட்தான். ஒன்று மற்றொன்றின் ஃபைலை ஏற்காது. இரண்டுக்கும் ஃபைல் பெயர் ஒன்றே என்பதால்தான் இத்தனை குழப்பம். இதில் பலரும் இடறும் இடம் இன்னொன்று உண்டு. 64 பிட் ஃபைல்கள் இருப்பது, விண்டோஸ் தன் ஃபைல்களை வைத்திருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில். 32 பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். பெயர் தலைகீழாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் அப்படியே விட்டுவைத்தது. 32 பிட் புரோகிராம் சிஸ்டம்32-ஐத் தேடிப் போனாலும், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 பக்கம் திருப்பிவிடும்.

ஆலையில் நடந்ததை இப்போது பாருங்கள். கணக்கு சாஃப்ட்வேர் 64 பிட். தனக்கு வேண்டியதை அது இன்ஸ்டால் ஆகும்போதே சிஸ்டம்32-ல் வைத்திருந்தது. எடை சாஃப்ட்வேர் 32 பிட். அதற்கு வேண்டியது வைக்கப்படவே இல்லை. பையன் இறக்கியது 32 பிட் ஃபைல். அதை வைத்ததோ 64 பிட் வீட்டில், அதுவும் அங்கே ஏற்கனவே இருந்த நல்ல ஃபைலின் மேல். எடை சாஃப்ட்வேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் தவறான ஃபைலை எடுத்து மடிந்தது. 7பி என்று முடியும் எண் வந்தால் பெரும்பாலும் இந்த 32, 64 கலப்புதான் காரணம்.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லா வீடியோவும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. என் கோபமெல்லாம் "காணாமல் போனது ஒரு ஃபைல், அந்த ஃபைலைக் கொண்டுவந்து வைத்தால் தீர்ந்தது" என்ற அந்த நினைப்பின் மேல்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய பொருள் கடைகளுக்குப் போயிருப்பீர்கள். பெரிய வீடுகளிலிருந்து வந்த முழ நீள இரும்புச் சாவிகள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். உங்கள் வீட்டுச் சாவி தொலைந்துபோனால் அங்கே போய், பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதென்று ஒன்றை வாங்கி வந்து கதவில் விட்டுத் திருகுவீர்களா? அது திறக்காது. பலமாகத் திருகினால் பூட்டும் போகும். டிஎல்எல்லை மட்டும் ஏன் அப்படி வாங்குகிறீர்கள்?

சாவியாவது வெறும் இரும்பு. டிஎல்எல் என்பது ஓடும் நிரல். படமோ எழுத்தோ போல அது சும்மா கிடக்கிற ஃபைல் இல்லை. உங்கள் புரோகிராம் திறந்ததும் அது உள்ளே போய் உட்கார்ந்து, அந்தப் புரோகிராமுக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையோடும் ஓடும். அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு இருக்கிறது, பேங்க் லாகின் இருக்கிறது, ஊர்க் கணக்கெல்லாம் இருக்கிறது. யாரென்றே தெரியாத ஒருவர் யாரோ எழுதிய ஃபைலைத் தம் தளத்தில் போட்டு வைத்திருக்கிறார். பெயர் மட்டும் மைக்ரோசாஃப்ட் ஃபைலின் பெயர். அதை அட்மின் உரிமை கொடுத்து சிஸ்டம் ஃபோல்டரிலேயே வைக்கிறீர்கள். ஒருவேளை அது நல்ல ஃபைலாகவே இருக்கட்டும். எந்த வெர்ஷன், எத்தனை பிட் என்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்குப் பாதுகாப்பு அப்டேட் வந்தால் அதைப் புதுப்பிக்கவும் யாருமில்லை. "எல்லா டிஎல்எல் பிரச்சினையும் ஒரே கிளிக்கில் தீரும்" என்று வரும் ஃபிக்ஸர்கள் இன்னும் மோசம். காசு கொடுத்து வாங்கிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு பெயரைத்தான் சொல்லும். அதை வைத்தால் அடுத்தது எம்எஸ்விசிபி140 இல்லை என்னும். அதையும் வைத்தால் இன்னொன்று. அவை தனித்தனி ஃபைல்களாக வருவதில்லை. ஒரே மூட்டையாக வருபவை. அந்த மூட்டையின் பெயர் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸ்86 என்றால் 32 பிட்டுக்கு, எக்ஸ்64 என்றால் 64 பிட்டுக்கு. இரண்டும் சேர்த்து ஐம்பது எம்பிகூட வராது.

இங்கேதான் அடுத்த தவறு. "என்னுது 64 பிட் கம்ப்யூட்டர், அதனால எக்ஸ்64 மட்டும் போட்டேன், ஆனாலும் வரலை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டர் எத்தனை பிட் என்பது இங்கே கேள்வியே இல்லை, புரோகிராம் எத்தனை பிட் என்பதுதான் கேள்வி. தெரியவில்லையா, இரண்டையும் போட்டுவிடுங்கள். ஒன்றோடொன்று சண்டை போடாது.

எந்த ஆண்டு மூட்டை வேண்டும் என்பதை ஃபைல் பெயரின் கடைசி எண்ணே சொல்லிவிடும். எம்எஸ்விசிஆர்100 கேட்டால் 2010, 110 கேட்டால் 2012, 120 கேட்டால் 2013. 140 கேட்டால் 2015-உக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் சேர்த்து ஒரே மூட்டை. 130 என்று ஒன்று கிடையாது, தேடிக் களைக்காதீர்கள். பழைய ஆண்டுகளுக்கு அந்தந்த ஆண்டின் மூட்டையேதான் வேண்டும், புதியது பழையதற்கு ஈடாகாது.

இதனால்தான் கண்ட்ரோல் பேனலில் விஷுவல் சி++ என்று பத்துப் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில், "எல்லாம் ஒரே பேரா இருந்துச்சு தம்பி, ஒண்ணு போதும்னு மத்ததை எடுத்துட்டேன்" என்றார் பட்டறைக்காரர். இடத்தை மிச்சம் பிடிக்க நினைத்தவருக்கு பில்லிங்கும் போனது, டிசைன் வரையும் சாஃப்ட்வேரும் போனது. தயவுசெய்து அவற்றின் மேல் கை வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் நம்பி ஏதோ ஒரு புரோகிராம் இருக்கிறது.

ஆலைக்கு வருகிறேன். பையன் வைத்த ஃபைலை அழித்தேன். எக்ஸ்64 மூட்டையை கண்ட்ரோல் பேனலில் ரிப்பேர் கொடுத்தேன், கணக்கு சாஃப்ட்வேர் எழுந்தது. எக்ஸ்86 மூட்டையைப் புதிதாகப் போட்டேன், எடை சாஃப்ட்வேர் எழுந்தது. வேலை பத்து நிமிடம். லாரிக்காரர்கள் காத்திருந்தது இரண்டு மணி நேரம். பையன் இறக்கிய ஃபைலை அழிக்கும் முன் வலது கிளிக்கில் பிராப்பர்ட்டீஸ் திறந்து அவனுக்குக் காட்டினேன். மைக்ரோசாஃப்டின் உண்மையான விசிரன்டைம் ஃபைலாக இருந்தால் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் மைக்ரோசாஃப்ட் பெயர் இருக்கும். இதில் அந்தப் பக்கமே இல்லை. பிறகு கம்ப்யூட்டர் முழுவதையும் ஸ்கேன் செய்துவிட்டு, பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

எரர் பெட்டியின் கடைசி வரியை யாரும் படிப்பதில்லை. புரோகிராமை மறுபடி இன்ஸ்டால் செய்தால் சரியாகலாம் என்றுதான் அது சொல்கிறது. முதல் வழி அதுதான். புது கம்ப்யூட்டருக்கு மாறும்போது ஃபோல்டரை காப்பி எடுக்காதீர்கள். ஃபோல்டரில் இருப்பது மட்டும்தான் கூட வரும். சிஸ்டத்தில் பதிந்தது எதுவும் வராது. செட்டப் ஃபைலைத் தேடி எடுங்கள், இல்லையென்றால் எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள். டேட்டாவை மட்டும் காப்பி எடுங்கள்.

அடகுக்கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தேவகோட்டைப் பக்கம் இன்னமும் பல கடைகளில் ஓடுவது 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய சாஃப்ட்வேர். அது ஓடத் தேவையான அடிப்படை ஃபைல்கள், அதாவது ரன்டைம், விண்டோஸ் 11 வரை கூடவே வருகின்றன. பட்டியல், கருவிப்பட்டை போன்ற திரைப் பகுதிகளைத் தரும் எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் போன்ற துணை ஃபைல்கள் வருவதில்லை. அவற்றை சிஸ்வாவ்64-ல் வைத்து, அங்கே உள்ள ரெக்எஸ்விஆர்32 என்ற பதியும் கருவியால், அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் பதிய வேண்டும். ஃபைலை எழுதிக்கொடுத்தவரின் செட்டப்பிலிருந்தே எடுங்கள். இப்படிப் பதிய வேண்டியது ஓசிஎக்ஸ் போன்றவற்றைத்தான். விசிரன்டைமைப் பதியப் போனால் நுழைவாயில் இல்லை என்று திட்டும். அதைக் கண்டு ஃபைல் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம்.

இனி சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு, முக்கியமாக கடைசி வருட புராஜெக்ட்டோடு என்னிடம் வரும் காரைக்குடி மாணவர்களுக்கு. "என் லேப்டாப்ல ஓடுதுண்ணே" என்று சொல்லாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் விஷுவல் ஸ்டுடியோ இருக்கிறது, அது எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்திருக்கிறது. கடைக்காரரின் கம்ப்யூட்டரில் அது இல்லை. விசிரன்டைம்140டி என்று, கடைசியில் டி சேர்ந்து ஒரு பெயர் வந்தால், நீங்கள் கொடுத்தது, பிழை தேடுவதற்கென்று எடுக்கும் டீபக் பில்ட். அந்த டிஎல்எல்லைத் தேடிப் போகாதீர்கள். அதைப் பிறருக்குக் கொடுக்க மைக்ரோசாஃப்ட் உரிமமும் அனுமதிப்பதில்லை. பிறர் பயன்படுத்துவதற்கான ரிலீஸ் பில்ட் எடுத்துக் கொடுங்கள்.

க்யூட்டி என்ற கருவித்தொகுப்பை வைத்து எழுதுகிறவர்கள் டிஎல்எல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. விண்டிப்ளாய்க்யூட்டி என்ற கருவி அதற்காகவே கூட வருகிறது. கையால் பொறுக்கினால் பிளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டிய க்யூவிண்டோஸ் டிஎல்எல் விட்டுப்போகும், பிளாட்ஃபார்ம் பிளக்இன் கிடைக்கவில்லை என்று நிற்கும். அது புரோகிராம் ஓடத் தொடங்கியபின் தேடும் ஃபைல். அதனால், புரோகிராமுக்கு எந்தெந்த டிஎல்எல் வேண்டும் என்று டம்ப்பின் என்ற கருவி காட்டும் பட்டியலிலும் வராது. இப்படி ஓடும்போது தேடுபவற்றைப் பிடிக்க, எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தேடுகிறது என்று காட்டும் பிராசஸ் மானிட்டர் போதும். உங்கள் புரோகிராமின் பெயரை மட்டும் வடிகட்டி, நேம் நாட் ஃபவுண்ட் என்ற வரிகளைப் பாருங்கள். அதில் எல்லா வரியும் பிரச்சினை கிடையாது. நாலு ஃபோல்டரில் தேடி ஐந்தாவதில் கிடைத்தாலும் முதல் நாலு வரி அப்படித்தான் இருக்கும். எங்குமே கிடைக்காத பெயர்தான் உங்களுக்கு வேண்டியது. டிஎல்எல் பட்டியலைக் காட்டும் பழைய டிபென்டென்சி வாக்கர் கருவியை விட்டுவிடுங்கள். ஏபிஐ-எம்எஸ்-வின் என்று தொடங்கும் பெயர்களையெல்லாம் அது சிவப்பில் காட்டிப் பயமுறுத்தும். விண்டோஸ் 10-இல் அவற்றில் பெரும்பாலானவை பிரச்சினையே இல்லை.

செட்டப்பை இன்னோ செட்டப் என்ற கருவியிலோ வேறெதிலோ செய்யுங்கள், ஆனால் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை அதற்குள்ளேயே வைத்து, சத்தமில்லாமல் இன்ஸ்டால் ஆகும்படி எழுதுங்கள். நெல் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருப்பவரிடம் அந்த வேலையைத் தள்ளாதீர்கள். கொடுப்பதற்கு முன்னால், எதுவுமே போடாத ஒரு விண்டோஸில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் 10 புரோவிலும் 11 புரோவிலும் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது, திறந்த ஒரு நிமிடத்தில் சுத்தமான விண்டோஸ் கிடைக்கும், மூடினால் தடமில்லாமல் போகும். அந்தப் பத்து நிமிடச் சோதனையை யாருமே செய்வதில்லை.

லினக்ஸில் எல்டிடி கமாண்ட் எது இல்லை என்று நேராகச் சொல்லிவிடும். பெரும்பாலான லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் வெர்ஷன் போதவில்லை என்று வந்தால், வாடிக்கையாளரிடம் உள்ளதைவிடப் பழைய சிஸ்டத்திலோ அதே சிஸ்டத்திலோ பில்ட் செய்யுங்கள். வாடிக்கையாளரின் ஜிலிப்சியை மாற்றப் போகாதீர்கள், சிஸ்டமே எழாமல் போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எரர் வந்தால் பெட்டியை மூடாமல் முழுதாக ஒரு போட்டோ எடுங்கள். ஃபைல் பெயரின் கடைசி எழுத்துவரை தெரிய வேண்டும். எந்த சாஃப்ட்வேர், எந்த விண்டோஸ், முந்தைய நாள் என்ன மாற்றினீர்கள், இந்த மூன்றையும் சேர்த்து உங்கள் சாஃப்ட்வேர்காரருக்கு அனுப்புங்கள். நெட்டிலிருந்து ஏற்கனவே ஏதாவது இறக்கிப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம். புதுவயல் பையன் நான் கேட்பதற்கு முன்பே எதை எங்கே வைத்தான் என்று சொன்னான். அதனால்தான் பத்து நிமிடத்தில் முடிந்தது.