ஏழு பேரு ஏறுனா அது வேற வண்டி

காரைக்குடியில கார் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். நம்ம பக்கம் இப்ப எந்தத் தெருவுக்குப் போனாலும் மூணு வரிசை சீட்டு வண்டிதான், எக்ஸ்யூவி700, சஃபாரி, அல்கசார், கேரன்ஸ்னு. நல்ல வண்டிகதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா வாங்கும்போது பாக்குறதெல்லாம் சன்ரூஃபு, பெரிய ஸ்கிரீன், 360 டிகிரி கேமரா. டெஸ்ட் டிரைவ் போறதும் வீட்டுக்காரரும் ஷோரூம் பையனும்தான். அப்புறம் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஏழு பேரு, சீர் சாமான், பலகார டின்னுன்னு ஏத்திக்கிட்டுக் கிளம்புறப்ப, நீங்க ஓட்டிப் பாத்த வண்டியே இல்ல அது.

ஆளுக்கு 65 கிலோன்னு வைங்க, ஏழு பேருக்கு 455, சாமான் சேத்தா அரை டன் தாண்டிரும். எக்ஸ்யூவி700 டீசல் மேனுவல்ல பெரும்பாலான மாடல்ல டார்க், அதாவது இழுவை சக்தி, 420 நியூட்டன் மீட்டர், அதனால இந்த வெயிட்டை இழுக்குறது டிரைவர் காலுக்கு அவ்வளவாத் தெரியாது, கொஞ்சம் மெதுவா இருந்தாலும் சுலபமா 100ஐத் தொட்டுரும். சிக்கலே அங்கதான். இன்ஜின் மறைச்சிரும், பிரேக் மறைக்காது. 80ல போறதை விட 100ல போனா நிறுத்துறப்ப பிரேக் தாங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல.

கொடைக்கானல் போயிட்டு வந்த வண்டியை வீலைக் கழட்டிப் பாத்தா தெரியும். பிரேக் பேடு மேல கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறியிருக்கும், டிஸ்க்குல நீலம் பூத்திருக்கும். மலை இறங்குற வரைக்கும் பிரேக் மேலயே காலை வச்சுட்டு வந்திருக்காங்கன்னு அர்த்தம். ஏறுன கியர்லயே இறங்குங்க. ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுக்கு மாத்தி 2லயோ 3லயோ போடுங்க, இன்ஜினே வண்டி வேகத்தைப் புடிச்சு வைக்கும்.

டயர் காத்து. டிரைவர் கதவைத் தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பெரும்பாலும் சாதா லோடுக்கு ஒரு அளவு, ஃபுல் லோடுக்கு வேற அளவு போட்டிருக்கும். அதை யாரும் பாக்குறதில்ல, பங்க்ல பையன் கேட்டா "33 போடுப்பா"ன்னு சொல்லிட்டு ராமேஸ்வரம் கிளம்பிருவாங்க. சித்திரை வெயில், தார் ரோடு, ஏழு பேரு, காத்து கம்மி, இது நாலும் சேந்தா டயர் பக்கவாட்டுல மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். காலையில டயர் சூடாகுறதுக்கு முன்னாடியே செக் பண்ணுங்க.

இப்ப மூணாவது வரிசை, எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம். ஒன்பது கோயில் சுத்திட்டு வந்த வண்டி சர்வீஸுக்கு வந்தா பின் சீட்டைத் தூக்கிப் பாப்பேன், பெல்ட் பக்கிள் ரெண்டும் சீட் கவருக்கு அடியில போயி அமுங்கிக் கிடக்கும், பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க. புள்ளைகளை ஒரு நாள் பூரா அப்படியே பெல்ட் இல்லாம கூட்டிட்டுப் போயிருக்காங்க. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுல பெல்ட் போடலைன்னா 1000 ரூபா அபராதம், 14 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லைன்னாலும் அதே 1000. அபராதத்தை விடுங்க, பெல்ட் போடாத ஆளு மோதுற வேகத்துல முன்னாடி உக்காந்திருக்கிற அப்பத்தா மேலதான் போயி விழுவாரு, ரெண்டு பேருக்கும் ஆபத்து.

பெல்ட் சத்தம் வராம இருக்க ஒரு கிளிப் விக்கிறாங்கல்ல, தயவுசெஞ்சு வாங்காதீங்க, 2023ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே அதை ஆன்லைன்ல விக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ஏர்பேக் ஆறு இருக்குன்னு தைரியமா இருக்கவும் முடியாது, பெல்ட்டோட சேந்து வேலை செய்யத்தான் ஏர்பேக். ஜன்னல் பக்கம் விழுகுற கர்ட்டன் ஏர்பேக் மூணாவது வரிசை வரைக்கும் வருதான்னு ஷோரூம்ல கேட்டு எழுதி வாங்குங்க. இன்னொண்ணு, வெளிக்கடையில தடிமனா சீட் கவர் தைச்சுப் போட்டா முன் சீட் ஓரத்துல இருக்கிற சைடு ஏர்பேக் சரியா விரியாது, அதுக்குன்னு தனியா தையல் விட்ட கவர்தான் போடணும்.

சாமானும் அப்படித்தான். அல்கசார்ல மூணு வரிசை சீட்டும் நிமித்தி வச்சா பின்னாடி மிஞ்சுறது 180 லிட்டர், ரெண்டு பை வச்சா முடிஞ்சுது. அதுக்கு மேல எவர்சில்வர் தூக்கு, டின்னுன்னு கூரை வரைக்கும் அடுக்குனா, திடீர்னு பிரேக் போடுறப்ப அது புள்ளைக தலைக்குத்தான் வரும். கனமானதை அடியில வச்சுக் கட்டுங்க, ஹெட்ரெஸ்ட்டைத் தூக்கி விடுங்க. சைல்டு சீட்டு மாட்டுற ஐசோஃபிக்ஸ் கொக்கி பெரும்பாலான வண்டியில ரெண்டாவது வரிசையிலதான் இருக்கும், சின்னப் புள்ளைக்கு எடம் அங்கதான்.

முன் கண்ணாடியில கல்லடிச்சு மாத்துனீங்கன்னா, தானா பிரேக் புடிக்கிற வசதி உள்ள வண்டியில கண்ணாடிக்கு உள்பக்கம் ரோட்டைப் பாக்குற கேமராவைத் திரும்ப கேலிபரேட் பண்ணாம, அதாவது அது பாக்குற கோணத்தைச் சரி பண்ணாம, வண்டியை எடுக்காதீங்க.

புதுசா வாங்கப் போறவங்க வீட்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. ஆச்சியை மூணாவது வரிசையில ஏத்தி எறக்கிப் பாருங்க, ஏழு பேரோட ஒரு பாலம் ஏறி, 60ல போயி அழுத்திப் பிரேக் போட்டுப் பாருங்க, ஏசி காத்து கடைசி சீட்டுக்கு வருதான்னு அங்க உக்காந்தவங்களைக் கேளுங்க. ஷோரூம்காரங்க முகம் சுளிச்சா சுளிக்கட்டும், பணம் போடுறது நீங்க.