இறங்குகிறவர் ஏறுகிறவரைத் தூக்குகிறார்

பாம்பனிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியிருந்தார். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலைக்குப் போக ஆசை. சொந்தக் கார் கிடையாது, வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. "ரயிலிலேயே போய், ரயிலிலும் ரோப் காரிலுமே மலை ஏறிவிடலாம் என்று அப்பா சொல்கிறார். செங்குத்தான மலையில் இதெல்லாம் எப்படி சார் ஏறுகிறது?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: "நம்ம புதுப் பாலத்தைத் தூக்குகிற மோட்டார் எவ்வளவு பெரிசா இருக்கும்?"

இரண்டும் வேறு வேறு கேள்வி என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்றதற்கும் சொன்ன மாதிரிதான். அதனால்தான் அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம்.

நம் கரையில் மலை கிடையாது. ராமேசுவரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயரில்தான் பர்வதம், ஏறிப் பார்த்தால் மணல்மேடு. மலை பார்க்க வேண்டுமென்றால் பழனிக்கோ கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போக வேண்டியதுதான். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. மலைப்பாதை தாங்காத அளவுக்குக் கார்கள் சேர்ந்துவிட்டதுதான் காரணம். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு அந்தப் பாஸ் வேண்டாம், ரயிலில் போகிறவருக்கும் வேண்டாம். ஆக, கார் இல்லாதது ஒரு குறையே இல்லை.

காரே நுழைய முடியாத மலை ஊர்களும் உண்டு. மராட்டியத்தில் மாத்தேரான் அப்படி ஓர் ஊர். மோட்டார் வண்டிக்கு அங்கே தடை. அடிவாரத்தில் உள்ள நேரல் என்ற ஊரிலிருந்து 1907 முதல் சின்ன ரயில் மேலே போகிறது. சுவிட்சர்லாந்தில் லூசர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. அங்கே படகு ஏறி ஏரியைக் கடந்து விட்ஸ்னாவ் என்ற கரையில் இறங்கினால், 1871-ல் திறந்த ரிகி மலை ரயில் நிற்கும். உச்சியைப் பார்த்துவிட்டுப் பாதி வழி வரை ரயிலில் இறங்கி, மீதியைக் கம்பியில் தொங்கும் பெட்டியில் இறங்கினால் வெகிஸ் என்ற இன்னொரு கரை. அங்கிருந்து திரும்பவும் படகு. பெட்ரோல் வாசனையே இல்லாமல் ஒரு நாள் முழுக்க மலையில் சுற்றிவிட்டு வரலாம்.

சரி, ஏறுவது எப்படி?

சாதாரண ரயில் ஏறாது என்பது உங்களுக்குத் தெரியும். இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் உராய்வு குறைவு. சமதரையில் அதுவே பெரிய வசதி, ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் மேட்டுப்பாளையம் - ஊட்டி பாதையில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கவ்வி ஏறும். பன்னிரண்டரை மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம், அவ்வளவு ஏற்றம். பட்டை ஒன்று இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளி வைத்திருக்கிறார்கள். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடிப்பில் இருக்கும், குலுக்கலும் குறையும். இதை வடிவமைத்தவர் கார்ல் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவார்.

பல்சக்கரம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் எஞ்சின் தன் எடை, பெட்டிகளின் எடை, நம் எடை எல்லாவற்றையும் தானே சுமந்து ஏறுகிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. அதற்குத் தங்கச்சிமடம் வரை வர வேண்டும்.

என் அம்மாச்சி வீடு அங்கேதான். மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர். மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். தோட்டத்தில் துலாக் கிணறு ஒன்று இருந்தது. கவட்டையான ஒரு மரத்தூண், அதன் மேல் குறுக்காக நீண்ட பனங்கட்டை. நுனியில் கழியும் வாளியும் தொங்கும். தடித்த அடிப்பக்கத்தில் கயிறு சுற்றி ஒரு பாறாங்கல். எனக்கு எட்டு வயதிருக்கும். நிறைந்த வாளியை நான் தூக்க முயன்றால் தரையை விட்டு எழும்பாது. அதே வாளி கிணற்றுக்குள்ளிருந்து, கழியை நான் சும்மா பிடித்திருந்தால் போதும், தானாக மிதந்து வருவது போல மேலே வரும். "யாரு அம்மாச்சி தூக்குறா?" என்று கேட்டேன். அம்மாச்சி பின்னால் இருந்த கல்லைக் காட்டினார்.

அவர் காட்டியதில் ஒரு பாதி விஷயம்தான் இருந்தது. மறுபாதி பல வருடம் கழித்துப் புரிந்தது. தண்ணீரைத் தூக்குவது கல். கல்லைத் தூக்குவது நான். எப்போது தூக்குகிறேன்? வெறும் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கும்போது. கீழ்நோக்கி இழுப்பதால் என் உடம்பின் எடையே எனக்கு உதவுகிறது. கழியில் தொங்கினாலே போதும். கல்லின் இழுப்பு, நிறைந்த வாளியின் இழுப்புக்கும் வெறும் வாளியின் இழுப்புக்கும் நடுவில் இருக்கும்படி கட்டியிருப்பார்கள். அதனால் இறக்கும்போதும் கொஞ்சம்தான் வேலை, ஏற்றும்போதும் கொஞ்சம்தான் வேலை. வாளியின் எடை எனக்கு வருவதே இல்லை, அதைக் கல் பார்த்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் வித்தியாசம் மட்டும்தான் என் கைக்கு.

இப்போது பழனிக்கு வாருங்கள். 2004-லிருந்து அங்கே ரோப் கார் ஓடுகிறது. மேலே போகும் பெட்டிகளைப் பார்ப்பவர்கள், அதே நேரம் எதிரே இறங்கி வரும் பெட்டிகளைக் கவனிப்பதில்லை. இரண்டும் ஒரே கயிற்றில் கோத்தவை. கயிறு மேலே ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றி வருகிறது. ஏறுகிற பெட்டிக்கு இறங்குகிற பெட்டிதான் துலாக்கல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை, பழனியின் அளவுகள் இல்லை. ஒரு பக்கத்துப் பெட்டிகளின் எடை 2,000 கிலோ. மேலே 12 பேர் போகிறார்கள், ஆளுக்கு 60 கிலோ வைத்தால் 720 கிலோ. உயரம் 100 மீட்டர், நேரம் 200 நொடி. எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை என்றால், 2,720 கிலோவைத் தூக்க நொடிக்கு ஏறக்குறைய 13,300 ஜூல், அதாவது சுமார் 18 குதிரைத்திறன் வேண்டும். இப்போது எதிர்ப்பக்கம் அதே எடையுள்ள பெட்டிகளில் 10 பேர் இறங்கட்டும். பெட்டிக்குப் பெட்டி ஈடாகிவிட்டது. ஆளுக்கு ஆளும் ஈடு. மிச்சம் இரண்டே பேர், 120 கிலோ. அதற்கு 588 வாட் போதும். ஒரு குதிரைத்திறன்கூட இல்லை! உங்கள் வீட்டில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் செய்துவிடும் வேலை.

நிஜத்தில் உராய்வு உண்டு, காற்று உண்டு. காலையில் எல்லோரும் ஏறுவார்கள், இறங்க ஆளிருக்காது. அதற்கும் தாங்கும்படி பெரிய மோட்டாராகத்தான் வைப்பார்கள். சாயங்காலம் நிலைமை தலைகீழ். எல்லோரும் இறங்குகிறார்கள், இழுப்பதை விட்டுவிட்டுப் பிடித்து நிறுத்துவதுதான் அப்போது வேலை. அந்த நேரத்தில் சில இடங்களில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

மோட்டாரே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் பிரியன்ஸ் என்று ஓர் ஏரி. அதன் கரையில் கீஸ்பாக் அருவி, அருவிக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு விடுதி. விருந்தினர்கள் படகில் வந்து இறங்குவார்கள். கரையிலிருந்து விடுதிக்கு 1879-ல் ஒரு கயிற்று ரயில் போட்டார்கள். இரண்டு பெட்டிகள், மேலே ஒரு சக்கரத்தைச் சுற்றிய ஒரே கயிறு. ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் மலைத்தண்ணீரை நிரப்புவார்கள். கீழே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்களோ அதற்குத் தக்க தண்ணீர், அப்புறம் இன்னும் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் சேர்ந்ததும் மேல்பெட்டி இறங்கத் தொடங்கும், கீழ்ப்பெட்டி ஏறத் தொடங்கும். கீழே வந்ததும் தொட்டியைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். இப்போது மேலே இருப்பது அடுத்த பெட்டி. திரும்பவும் தண்ணீர் நிரப்பு.

அந்தத் தண்ணீர் எப்படியும் மலையிலிருந்து ஏரிக்கு வந்து விழப்போகிறதுதான். கடலிலிருந்து அதை ஆவியாக்கி மேலே கொண்டுபோய் வைத்தது சூரியன். கொட்டி விழுகிற வழியில் பத்துப் பேரை மேலே தூக்கி வைத்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கீஸ்பாக் ரயில் இன்று மின்சாரத்தில் ஓடுகிறது. ஆனால் அதே நாட்டில் ஃபிரிபோர்க் நகரத்தில் 1899-ல் தொடங்கியது இன்றும் தண்ணீரில்தான் ஓடுகிறது. அதுவும் ஊரின் கழிவுநீரில்!

கீஸ்பாக்கில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு பெட்டி, ஒற்றைத் தண்டவாளம். நடுவழியில் எதிரெதிரே வந்தால்? நடுவில் மட்டும் பாதையை இரண்டாகப் பிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாதை மாற்ற அங்கே ஓர் ஆளை நிறுத்த முடியுமா? இங்கேதான் ஆப்ட் திரும்ப வருகிறார், ஊட்டிப் பாதையின் அதே ஆப்ட். 1879-ல் கீஸ்பாக்கில் தொடங்கி, 1886-ல் லுகானோ நகரத்துக் கயிற்று ரயிலில் அவர் திருத்தமாகச் செய்து முடித்த வழி இது: முதல் பெட்டியின் இடதுபக்கச் சக்கரங்களுக்கு இரண்டு ஓரத்திலும் விளிம்பு, வலதுபக்கச் சக்கரங்களுக்கு விளிம்பே கிடையாது, அம்மிக்குழவி மாதிரி மொழுமொழு உருளை. இரண்டாவது பெட்டிக்கு இது அப்படியே இடம் மாறும். விளிம்புள்ள சக்கரம் தன் பக்கத்துத் தண்டவாளத்தை விடாது. அதனால் முதல் பெட்டி எப்போதும் இடப்பக்கமே ஒதுங்கும், இரண்டாவது எப்போதும் வலப்பக்கமே ஒதுங்கும். குறுக்கே வரும் தண்டவாள இடைவெளியை உருளைகள் தாண்டிப் போய்விடும், இழுகயிறும் அந்த இடைவெளி வழியே தடையில்லாமல் ஓடும். பாதையில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. அசையாத பாகம் பழுதாகாது.

இனி, தங்கையின் இரண்டாவது கேள்வி. பாம்பனின் புது ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே எழும்புகிறது. அது எழும்பும்போது சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் எல்லோர் கண்ணும் அந்தப் பகுதியிலேயே இருக்கும். அடுத்த தடவை இரண்டு பக்கக் கோபுரங்களைப் பாருங்கள். பாலத்திலிருந்து மேலே போகும் கம்பிக்கயிறுகள் உச்சியில் சக்கரங்களைச் சுற்றி இறங்குகின்றன. அவற்றின் மறுமுனையில் எதிர் எடைகள். பாலம் ஏற ஏற அவை இறங்கும். அம்மாச்சியின் கல்தான் அது. ஆகவே மோட்டாருக்கு வருவது பாலத்தின் எடை இல்லை. உராய்வும் காற்றின் தள்ளலும் எடைகளுக்கிடையே உள்ள சின்ன வித்தியாசமும் மட்டுமே. 1914-ல் திறந்த பழைய பாலத்தின் இரண்டு இறக்கைகளையும் ஆட்கள் கையால் இயக்கித் திறந்தார்கள் என்றால், அங்கேயும் பின்பக்கம் எதிர் எடை இருந்ததால்தான்.

பாலம் நிற்க வேண்டுமென்றால் பலி கொடுக்க வேண்டும் என்ற பேச்சைச் சின்ன வயதில் நானும் கேட்டிருக்கிறேன். எங்கேயாவது பாலம் வேலை நடந்தால் பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று எங்களை வெளியே விடமாட்டார்கள். இப்போதும் அந்தப் புரளி கைப்பேசி வழியாகப் பரவுகிறது, அதை நம்பி முகம் தெரியாத வெளியூர்க்காரர்களை அடிக்கவும் செய்கிறார்கள். எனக்கு இதில் தாங்க முடியாத கோபம் உண்டு. கல்லும் கயிறும் கணக்கும் செய்கிற வேலை இது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் துலாவைக் காட்டி விளக்கிவிடலாம்.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். கயிற்று ரயில்களில், இழுகயிறு தளர்ந்த கணமே பெட்டியின் அடியில் உள்ள பிடிப்பான் தண்டவாளத்தைக் கவ்வும். ஆனால் அறுபடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய காவல். கம்பிக்கயிற்றின் உள்ளே ஓர் இழை அறுந்தால் வெளியே தெரியாது. அதனால் கயிற்றைக் காந்தப்படுத்தி, காந்தப்புலம் எங்கே கசிகிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். பழனியில் ஆண்டுதோறும் பராமரிப்புக்காக ரோப் காரைப் பல நாட்கள் நிறுத்தும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்கள்தான் மற்ற நாட்களைக் காப்பாற்றுகின்றன. 2022-23 பட்ஜெட்டில் மலைப் பகுதிகளுக்குக் கயிற்றுப் பாதைகள் அமைக்கப் பர்வத்மாலா என்ற திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. நல்லது. கம்பம் நடுவதற்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கை, கயிற்றைச் சோதிக்கும் கூடங்களுக்கும் அதைப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

தங்கைக்கு ஒரு வேலை தருகிறேன். மலைக்குப் போவதற்கு முன்னால் செய்து பாருங்கள். ஒரே அளவில் இரண்டு பால் பவுடர் டப்பா, ஒரு நூல்கயிறு, கிணற்றில் போடும் பழைய உருளை ஒன்று. உருளையை உத்தரத்தில் கட்டி, கயிற்றின் இரு முனையிலும் டப்பாக்களைத் தொங்கவிடுங்கள். கீழே இருக்கும் டப்பாவில் பத்துக் கூழாங்கல், அவைதான் பயணிகள். மேல் டப்பாவில் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றி, எத்தனையாவது கரண்டியில் கற்கள் ஏறத் தொடங்குகின்றன என்று எண்ணுங்கள். கற்களின் எடையும் தண்ணீரின் எடையும் சமமாக இருக்காது, தண்ணீர் கூடுதலாகத்தான் தேவைப்படும். பிறகு உருளையின் அச்சில் நான்கு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, முதலிலிருந்து ஊற்றுங்கள். எத்தனை கரண்டி குறைந்தது என்று எனக்கு எழுதுங்கள்.