வலிப்பு நோயாளியை உபவாசம் இருக்கச் சொல்கிறதா மாற்கு 9?

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் ஒருவரைச் சுகமளிக்கும் கூட்டத்திற்குப் பிறகு மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்கும், அவரையே உபவாசம் இருக்க வைத்து முழு இரவு ஜெபத்தில் உட்கார வைப்பதற்கும் பெரும்பாலும் ஆதாரமாகக் காட்டப்படுவது மாற்கு சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமச் சபைகளில் உபதேசியார்களுக்கும் ஜெபக்குழு நடத்துகிறவர்களுக்கும் வேதபாடம் எடுக்கும் ஆயர் என்ற முறையில் இதை அடிக்கடி எதிர்கொள்கிறேன். அரூர் பக்கமிருந்தோ தேன்கனிக்கோட்டை பக்கமிருந்தோ பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர் என்னிடம் மருத்துவ ஆலோசனை கேட்பதில்லை. "ஐயா, வசனம் அப்படித்தானே சொல்லுது?" என்பதே அவர்களுடைய கேள்வி. வசனம் அப்படிச் சொல்லவில்லை என்று காட்டாமல், "டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவர்கள் விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்ற குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போய், அடுத்த உபவாசக் கூட்டத்தில் மறுபடியும் மாத்திரையை நிறுத்துவார்கள்.

மருத்துவ உண்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரவுத் தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் காரணங்களில் முக்கியமானது. குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது வலிப்பு வராமல் இருந்தால்தான் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பதைப் பற்றி மருத்துவர்கள் பொதுவாக யோசிக்கவே தொடங்குகிறார்கள். ஆகவே உபவாசம், இரவு விழிப்பு, மாத்திரை நிறுத்தம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒரு நோயாளியின் மேல் சுமத்தப்படும்போது, அந்தக் கூட்டத்திலேயே அவருக்கு வலிப்பு வருவதில் வியப்பில்லை. அதையும் பிசாசு வெளிப்பட்டதற்கு அடையாளம் என்று விளக்கிவிடுகிறார்கள்.

இனி வேதப்பகுதிக்கு வருவோம். வலிப்பால் அவதிப்படும் பிள்ளையை ஒரு தகப்பன் கொண்டுவருகிறார்; சீஷர்களால் முடியாமற்போக, இயேசு அவனைச் சுகமாக்குகிறார். மாற்கு 9:29இல், "இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது" என்று இயேசு சொல்வதாக நம் வேதாகமத்தில் வாசிக்கிறோம். கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் கையெழுத்துப் பிரதியில் பிற்காலத் திருத்தங்களுக்கு முன்பு முதலில் எழுதப்பட்ட பாடத்திலும் வத்திக்கான் பிரதியிலும் இந்த வசனத்தில் ஜெபம் மட்டுமே இருக்கிறது, உபவாசம் இல்லை. இதற்கு இணையான மத்தேயு 17:21 முழு வசனமாகவே அவ்விரண்டிலும் இடம்பெறவில்லை. உபவாசத்தைப் பெரிதும் மதித்த பிற்காலத் திருச்சபையில் படியெடுத்தவர்கள் அதைச் சேர்த்திருக்கலாம் என்பது பிரதிகளை ஒப்பிட்டு ஆராயும் அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. பெரும்பான்மையான பிற்காலப் பிரதிகளில் அது இருப்பதால் அதுவே மூலபாடம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நான் முதல் கருத்தை ஏற்கிறேன். ஆனால் உபதேசியார் வகுப்பில் இந்த வாதத்தை முதலில் எடுப்பதில்லை. வேதத்தில் கைவைப்பதாக எண்ணி, கேட்பவர்கள் மனத்தை மூடிக்கொள்வார்கள். அது இல்லாமலேயே விடை காண முடியும். உபவாசத்தையும் சேர்த்தே வாசித்தாலும், அந்தச் சொல் யாரிடம் சொல்லப்பட்டது என்று பார்த்தால் போதும். "நாங்கள் அதைத் துரத்திவிடக் கூடாமற்போனது ஏன்" என்று வீட்டில் தனித்துக் கேட்ட சீஷர்களுக்குச் சொல்லப்பட்ட பதில் அது. ஜெபிக்க வேண்டியவர்களும் உபவாசம் இருக்க வேண்டியவர்களும் அவர்களே. பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் ஒரு சொல்லும் அந்த அதிகாரத்தில் இல்லை.

அதே பகுதியில் இயேசு தகப்பனிடம், "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று" என்று கேட்கிறார். சிறுவயது முதல் என்று பதில் வருகிறது. நோயின் வரலாற்றைக் கேட்டவர் அந்த வீட்டில் யார் பாவம் செய்தார் என்று கேட்கவில்லை.

அப்படியானால் வலிப்பு பிசாசினால் வருவதா என்ற கேள்வி எஞ்சுகிறது. கடினமான விவாதமே இங்குதான் இருக்கிறது. அந்தக் காலத்து மக்கள் வலிப்பைத் தங்களுக்குத் தெரிந்த மொழியில் ஆவியின் செயலாக விவரித்தார்கள், சுவிசேஷகர்களும் அம்மொழியையே பயன்படுத்தினார்கள் என்று வரலாற்று நோக்கில் ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். அதிலும் ஒரு திருத்தம் தேவை. வலிப்பு மற்ற நோய்களைவிட எவ்வகையிலும் அதிகத் தெய்வீகமானதல்ல என்று வாதிடும் கிரேக்க மருத்துவ நூல், ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் தொகுப்பில், சுவிசேஷங்களுக்குச் சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. எனவே பழங்காலத்தவர் அனைவரும் அறியாமையில் இருந்தார்கள் என்று தள்ளிவிட முடியாது. மறுபக்கத்தில், ஆவிகள் உண்டு என்று சொல்லும் வசனத்தை நோயாகச் சுருக்குவது வேதத்தின் அதிகாரத்தை மறுப்பதாகும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவ்விரு தரப்பாரையும் மத்தேயு 4:24ஐ வாசிக்கச் சொல்வது என் வழக்கம். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலில் பிசாசுபிடித்தவர்கள், சந்திரரோகிகள் (அதாவது வலிப்பு நோயாளிகள்), திமிர்வாதக்காரர் என்று அவர்கள் தனித்தனியாக எண்ணப்படுகிறார்கள். சந்திரரோகி என்று 17ஆம் அதிகாரத்தில் மத்தேயு சொல்வது மாற்கு 9இல் வரும் இதே பிள்ளையைத்தான். அந்தப் பிள்ளையிடமிருந்து பிசாசு புறப்பட்டது என்றும் அவரே எழுதுகிறார். இதை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையல்ல. ஆனால் ஒரு பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்திருந்ததாக எழுதிய அதே எழுத்தாளர், பொதுவாகப் பேசும்போது இரண்டையும் பிரித்தே எண்ணுகிறார் என்றால், வலிப்பு வரும் ஒவ்வொருவருக்கும் பிசாசு பிடித்திருக்கிறது என்ற முடிவுக்கு மத்தேயுவைச் சாட்சியாக அழைக்க முடியாது. ஆவிகளை உறுதியாக நம்புகிறவரும் தம் நம்பிக்கையில் எதையும் விட்டுக்கொடுக்காமல் இதை ஏற்கலாம்.

சுகம் கிடைக்காதபோது, "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று நோயாளியிடம் சொல்லப்படுவதே எனக்கு மிகவும் கசப்பான அனுபவம். மத்தேயு 17:20இல் அவிசுவாசத்திற்காகக் கடிந்துகொள்ளப்படுகிறவர்கள் ஜெபித்தும் தோற்றுப்போன சீஷர்கள். "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனின் அரைகுறை விசுவாசம் போதுமானதாக இருந்தது. யாக்கோபு 5:14, 15இல் வியாதிப்பட்டவர் செய்ய வேண்டியது மூப்பர்களை வரவழைப்பது மட்டுமே; எண்ணெய் பூசுவதும் ஜெபிப்பதும் அவர்கள் வேலை. இதற்கு எதிராக நாசரேத்தூர் நிகழ்ச்சியைக் காட்டுவார்கள். அந்த ஊராரின் அவிசுவாசத்தினால் அங்கே அநேக அற்புதங்கள் நடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே இயேசுவைக் குறித்து இடறலடைந்தவர்கள் ஊர் மக்கள். சில நோயாளிகள்மேல் அவர் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்று அதே மாற்கு 6:5 சொல்கிறது.

மாத்திரையே கூடாது என்பவர்கள் எடுக்கும் கடைசி ஆயுதம் யூதாவின் ராஜாவான ஆசா. 2 நாளாகமம் 16:12, கால்களில் நோய் கண்ட அவன் "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே (வைத்தியர்களையே) தேடினான்" என்று குறை கூறுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வரும் மாத்திரையை இந்த ஒரு வசனத்திற்காக வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். இங்கே அதிகாரம் முழுவதையும் வாசிக்க வேண்டும். போரில் கர்த்தரைச் சார்ந்துகொள்ளாமல் சீரியாவின் ராஜாவைச் சார்ந்துகொண்டதற்காக அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரன் ஆசாவைக் கண்டிக்கிறான். ஆசா கோபங்கொண்டு அவனைக் காவலறையில் வைக்கிறான். நோயிலும் அதே பிடிவாதம் தொடர்ந்தது என்பதே நாளாகமக்காரரின் குற்றச்சாட்டு. இதே நோயை 1 இராஜாக்கள் 15:23 எந்தக் குறையும் சொல்லாமல் ஒரு செய்தியாக மட்டும் பதிவுசெய்கிறது. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. தீமோத்தேயுவின் வயிற்றுக்குத் திராட்சரசத்தைப் பரிந்துரைத்த பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார். ஏலகிரி, எலத்தகிரி பக்கத்துக் கத்தோலிக்க உறவினர்கள் உள்ள குடும்பங்களுக்கு இது இன்னும் எளிது; அவர்களுடைய விவிலியத்திலுள்ள சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் ஜெபிக்கவும் சொல்கிறது, மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது.

விசுவாசிகள் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று சொல்லும் மாற்கு 16:18ஐப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் மேற்சொன்ன இரு பழைய பிரதிகளிலும் இல்லை. ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆதித் திருச்சபையின் ஆயர் ஐரேனியு அப்பகுதியிலிருந்து மேற்கோள் காட்டியிருக்கிறார் என்பதால் விவாதம் முடியவில்லை. "சர்ப்பங்களை எடுப்பார்கள்" என்பதைக் கட்டளையாக வாசித்து, அமெரிக்காவில் பாம்பு பிடிக்கும் ஆராதனையைப் பரப்பிய ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955இல் பாம்புக்கடியால் இறந்தார். நம் நிலக்கடலைக் காட்டில் யாரும் பாம்பைத் தேடிப் போவதில்லை; கடித்த பிறகு ஜெபித்துக்கொண்டே நேரத்தைக் கடத்துவதுதான் இங்குள்ள ஆபத்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படும் விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் உண்டு. ஜெபத்தை ஆம்புலன்ஸில் போகும்போதும் செய்யலாம்.

அற்புத வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தன என்பவர்களுக்கும், இன்றும் தொடர்கின்றன என்னும் பெந்தெகொஸ்தே சகோதரர்களுக்கும் இடையிலான விவாதத்தை இங்கே தீர்க்க நான் முயலவில்லை. எங்கள் வகுப்புகளில் இரு தரப்பாரும் உட்காருகிறார்கள். தன் விளக்கம் கடவுளன்பையும் பிறரன்பையும் கட்டியெழுப்பவில்லை என்றால், ஒருவர் வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் வகுத்த அளவுகோலை இருவருமே ஏற்கிறார்கள். ஆனால் இதே அகுஸ்தீன், சங்கீதம் 137இல் கல்லின்மேல் மோதப்படும் குழந்தைகளைத் தீய இச்சைகள் என்று உருவகமாக்கிக் கடந்துபோனது எனக்கு உடன்பாடில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களின் ஆத்திரத்தை ஆத்திரமாகவே வாசிப்பது மேல். அளவுகோல் நல்லது என்பதற்காக அதை வகுத்தவரின் எல்லா விளக்கங்களையும் ஏற்க வேண்டியதில்லை.

கூட்டம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். மாத்திரையை நிறுத்தியதைச் சாட்சியாகச் சொல்ல யாருக்கும் ஒலிபெருக்கியைக் கொடுக்காதீர்கள். சுகமாகிவிட்டதாக நம்புகிறவரை, அதே மாத்திரையோடு மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்து வரச் சொல்லுங்கள். முழு இரவு ஜெபத்திற்கு வரும் வலிப்பு நோயாளி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நேரத்தோடு வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். அவருக்காக மூப்பர்கள் உபவாசம் இருக்கட்டும். கூட்டத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால், சுற்றி நின்று சத்தமிடாமல், சாவியோ இரும்போ கையில் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.